தாய்த்தொட்டி அறையின் சாவி

சிங்கப்பெருமாள் கோயில் ஊருக்குள் ஒரு பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது கரண்ட் போனது. எல்லோரும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் மட்டும் எழுந்து நின்றுவிட்டேன். வரவேற்பறை மூலையில் ஒரு மீன்தொட்டி. அதற்குள் அதுவரை குளுகுளு, குளுகுளு என்று காற்றுக்குமிழிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுபோயிருந்தது. இன்வர்ட்டர் பிடித்துக் குமிழி மறுபடி கிளம்பும்வரை என் கால் தரையில் நிலைக்கவில்லை.

"உக்காருங்க சார், உங்க நம்பர் இன்னும் வரல" என்றாள் டோக்கன் கொடுக்கும் பெண்.

தொட்டிக்குள் இரண்டு மீன்கள் வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தன. யாரோ தங்களுக்காக எழுந்து நின்றான் என்பதுகூட அவற்றுக்குத் தெரியாது. எனக்கு அவற்றின்மேல் பொறாமையாக இருந்தது.

பொறாமை எனக்குப் பழக்கமான ஊர். கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு இறால் குஞ்சு பொரிப்பகத்தில் இருந்த வருஷங்களில் அந்த ஊரில்தான் குடியிருந்தேன். போன மாதம் அந்தத் தொழிலில் இப்போது இருக்கும் ஒரு தம்பி போன் செய்தான். "எங்க கம்பெனில கண் எடுக்கறத நிறுத்தப் போறாங்க சார். நீங்கள்லாம் கையாலயே எடுப்பீங்களாமே, நெசமா?" என்றான். அவன் குரலில் கேலி இல்லை. லேசான அருவருப்பு இருந்தது. அந்த அருவருப்பைக் கைசுத்தமாகப் பட முடிகிற அவன்மீதும் பொறாமை வந்தது. அவனுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் செங்கல்பட்டுக்காரன். கிழக்குக் கடற்கரைச் சாலை இன்னும் ஒல்லியாக இருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருஷம் தொட்டி கழுவினேன், இறால் தீனிக்குக் கணவாய் நறுக்கினேன், குழாய் பிடித்தேன். அதற்குமேல் அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் வருஷம் என் கையில் இடுக்கியைக் கொடுத்தார்கள்.

கடலின் ஆழத்தில் தானாக முட்டை விடும் தாய் இறால், தொட்டிக்குள் வந்தால் அடம் பிடிக்கும். முட்டையை முற்றவிடாமல் நிறுத்தி வைக்கிற சுரப்பு அதன் கண்காம்பில் இருக்கிறது. ஒரு கண்ணை எடுத்துவிட்டால் அந்தத் தடை போய்விடும். சில நாளில் முதுகின்மேல் பச்சைக் கோடு தடித்து வரும், முட்டை விட்டுவிடும். அந்த முட்டைதான் குஞ்சாகி, ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் நெல்லூர்ப் பக்கத்துக் குட்டைகளுக்கு லாரி ஏறும். கம்பெனி நடப்பது அந்தக் கண்ணில். நாங்கள் அந்த இறால்களை 'மதர்' என்போம். செய்கிற வேலைக்குக் 'கண் எடுக்கிறது' என்று பேர்.

எனக்கு அந்த வேலை கைவந்தது. உள்ளங்கையை நனைத்துக்கொள்ள வேண்டும். மதரைத் தண்ணீருக்குள்ளேயே ஏந்தி, ஓடு கெட்டியாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவ வேண்டும். ஓடு உரித்து மெத்தென்று இருந்தால் தொடவே கூடாது, அது செத்துவிடும். இடுக்கியின் நுனியை விளக்கில் சிவக்கக் காய்ச்ச வேண்டும். பிறகு ஒரே அழுத்து. அது துள்ளி முடிப்பதற்குள் தொட்டியில் இருக்க வேண்டும். என் கையில் செத்த மதர் அபூர்வம். சுற்றுவட்டப் பொரிப்பகங்களிலிருந்து வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் மேனேஜர் வரதன் சார் மட்டும் பார்க்க மாட்டார். கண் எடுக்கும் நேரத்தில் வெளியே போய்ச் சவுக்கு மரத்தடியில் கடலைப் பார்த்து நிற்பார். முடிந்ததும் வந்து, "ஆச்சா?" என்பார். அவ்வளவுதான்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வெள்ளை அரைக்கைச் சட்டை. தாய்த்தொட்டி அறை எப்போதும் இருட்டாக, குளிராக இருக்கும். தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் ஓடிக்கொண்டே இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றுவார். சோப்பு வாசனை ஆகாதென்று வெறும் உப்புத்தண்ணீரில் முழங்கைவரை கழுவுவார். தெர்மாமீட்டரைப் பார்க்குமுன் மணிக்கட்டைத் தண்ணீரில் வைத்து, சூடு எவ்வளவு என்று மெல்லச் சொல்லிவிட்டு, பிறகு பார்ப்பார். சரியாக இருக்கும். உள்ளே யாரும் உரக்கப் பேசக் கூடாது. எங்களை நீ, வா, போ என்பவர் மதர்களை மரியாதையாகத்தான் சொல்வார். "சாப்டாங்களா? அந்த மூலைல இருக்கறவங்க ஏன் சோர்ந்து இருக்காங்க?"

ஒரு இறாலுக்குக் கிடைத்த 'ங்க' எனக்குக் கிடைக்கவில்லையே என்று ஏங்கியிருக்கிறேன். சிரிப்பாக இருக்கலாம். அந்த அறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அறைக்கு ஒரே சாவி. நீலநிற நைலான் கயிற்றில் கோத்த பித்தளைச் சாவி. அது யார் கழுத்தில் தொங்குகிறதோ அவர்தான் காலையில் முதலில் உள்ளே போவார். எந்த மதர் முட்டை விட்டது, எது சாப்பிடவில்லை என்று சாரிடம் முதலில் சொல்வார். சார் அந்தச் செய்தியை ஒரு தகப்பன் போலத் தலை சாய்த்துக் கேட்பார். அந்தச் சாய்ந்த தலைக்காகத்தான் செங்கல்பட்டிலிருந்து விடிகாலையில் கிளம்பி வருவேன். சாவி என் கழுத்தில் இருந்தது.

பிறகு ஸ்டெல்லா வந்தாள்.

கோவளத்துப் பெண். அவள் சித்தப்பாவின் படகில்தான் எங்களுக்குப் பெரும்பாலான மதர்கள் வரும். செங்கல்பட்டில் விலங்கியல் படித்திருந்தாள். வந்த முதல் வாரமே, சார் மணிக்கட்டை எடுக்குமுன் தன் கையை விட்டு, "இருவத்தொம்போது, சார்" என்றாள். சார் தெர்மாமீட்டரைப் பார்த்தார். சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. அந்த இருட்டறையில் ஒரு ஜன்னல் திறந்தது போல இருந்தது. வெளிச்சம் அவள்மீது விழுந்தது.

சில மாதம் கழித்து, பேனா கேட்பது போலக் கேட்டார்: "சேகர், சாவிய ஸ்டெல்லாகிட்ட குடுத்துடு."

கழற்றும்போது கயிறு என் காதில் மாட்டிக்கொண்டது. அவள்தான் எடுத்துவிட்டாள்.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற? சாவிதான? வூட்டுப் பத்திரமா?"

"எனக்கு இன்னா? தொறந்து மூடற வேல கொறஞ்சுது."

"பொய் சொன்னா ஒனக்கு மூக்கு செவக்குது, தெரியுமா?"

அன்றிலிருந்து அவள் செய்த பிழைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். அதிகம் சேரவில்லை, அதனால் இன்னும் எரிந்தது. சாப்பாட்டு டப்பாவில் அவள் கொண்டுவரும் மீன் குழம்பை வேண்டாம் என்பேன். பக்கத்தில் இருப்பவன் வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்து எச்சில் விழுங்குவேன்.

அந்த வருஷங்களில் கடல் மாறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது குழாய் வழியாகத் தெரிந்தது. கத்திரி வெயிலில் மட்டும் சுடுகிற தண்ணீர் பங்குனியிலேயே சுட்டது. கத்திரி போன பிறகும் ஆறவில்லை. சில்லர் மூச்சு வாங்கியது. ஸ்டெல்லாவின் சித்தப்பா மதர்களை இறக்கிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொள்வார். "மேல்தண்ணி வென்னீராட்டம் கீது சார். இதுங்க கீழ கீழ எறங்கிப் பூட்ச்சு. முன்ன வலை போட்ட எடத்துல ஒண்ணும் இல்ல. டீசல்தான் போவுது."

வந்தவையும் முன்பு போல இல்லை. இளைத்து, மீசை ஒடிந்து, தொட்டியின் ஓரத்தில் ஒதுங்கி நின்றன. வெயிலில் கண் எடுத்தால் தாங்காமல் போயின, என் கையிலும். அப்போது ஸ்டெல்லா ஒரு வழக்கம் கொண்டுவந்தாள்: தண்ணீர் சூடாக இருக்கும் நாளில் கண் எடுக்கக் கூடாது. சார் ஒத்துக்கொண்டார். குஞ்சு குறைந்தது. நெல்லூரிலிருந்து போன் வந்தது. சென்னையிலிருந்து முதலாளி போன் செய்தார். சுற்றுவட்டமே வந்து பார்த்த என் கை, கணவாய் நறுக்கப் போனது.

சுனாமிக்கு முந்தின கோடை. ஒரு காலையில் நான் போய்ச் சேரும்போது தாய்த்தொட்டி அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. சில்லரின் கம்ப்ரசர் விடியலில் எரிந்துபோயிருந்தது. அறை, மூடி வைத்த அடுக்களை போல வெந்துகொண்டிருந்தது. வாசலில் ஸ்டெல்லாவின் சித்தப்பா அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறக்கிய தொட்டிகள், அவர் படகின் கடல்தண்ணீரோடு. அந்தத் தொட்டிகளில் புதிதாகப் பிடித்த மதர்கள். அறைக்குள் எங்கள் பழைய மதர்கள், எல்லாம் ஒற்றைக் கண்.

ஸ்டெல்லா முழுசாக ஒரு பாளம் ஐஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொட்டி ஓரம் நின்றிருந்தாள். சில்லர் நின்றது தெரிந்ததும் கோவளம் கரைக்கு ஓடி, அதே ஆட்டோவில் கொண்டுவந்திருக்கிறாள். நான் வாயைத் திறக்குமுன் அதைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டாள்.

"ஏய்! எடு அத!"

அந்த அறையில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. நானே தொட்டிக்குள் கையை விட்டுப் பாளத்தைத் தூக்கி வெளியே போட்டேன். அது தரையில் உடைந்து சிதறியது.

"பைத்தியமா? ஐஸ் உருகுனா நல்ல தண்ணி. உப்பு கொறஞ்சா அதுங்க செத்துடும், தெரியாது?"

அவளுக்குத் தெரியும். தேர்வில் எழுதியிருப்பாள். ஆனால் பிறந்ததிலிருந்து அவள் கைக்குத் தெரிந்த ஐஸ், செத்த மீன்மேல் கொட்டுகிற ஐஸ். பதற்றத்தில் படிப்பு போய்விட்டது, கை முந்திக்கொண்டது. அவள் முகம் வெளுத்துப்போய்த் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எத்தனை நாள் காத்திருந்த பிழை! ஆனால் ருசித்துப் பார்க்க நேரமில்லை. குஞ்சு அடைக்கும் பாலிதீன் பைகளை வாரிக்கொண்டு வந்தேன். உடைந்த ஐஸை அள்ளிப் பைகளில் போட்டு, ரப்பர் பேண்ட் முடிந்து, தொட்டியில் மிதக்கவிட்டேன். அவளும் குந்தி உட்கார்ந்து முடிந்தாள். நெல்லூர் லாரியில் போகவேண்டிய பைகள் தண்ணீரின்மேல் குளிர்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"என்ன வுட நீ வேகமா முடியற" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"பேசாம முடி."

வரதன் சார் வந்தபோது ஆபீஸ் போன் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளியின் குரல் ரிசீவருக்கு வெளியே எங்கள்வரை கேட்டது. சில்லருக்கு ஆள் வர இரண்டு நாளாகும். புதுசாக வந்த மதர்கள் எப்படியும் இந்தச் சூட்டில் தங்காது. இன்றைக்கே எல்லாவற்றுக்கும் கண் எடுங்கள்; சாவதற்குள் கிடைக்கிற முட்டை கிடைக்கட்டும். மிச்சத்தை ரோட்டோர ஓட்டலுக்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு குரல் தணிந்து ஒன்று சொன்னது: "இந்த வேலைய முடிச்சுக் குடுக்கறவன்தான் இனிமே அங்க இன்சார்ஜ். உங்களுக்கும் வயசாச்சு சார்."

வழக்கமாகக் கடலிலிருந்து வந்த மதருக்கு நாலைந்து நாள் ஓய்வு கொடுத்துத்தான் கண் எடுப்போம். வந்த அன்றைக்கே, அதுவும் இந்தச் சூட்டில் எடுப்பது என்பது, ஓடி வந்தவளை உட்காரவும் விடாமல் அறுப்பது.

ஸ்டெல்லா கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "என்னால ஆவாது சார். வேலய வுட்டு அனுப்புனாலும் சரி."

சார் அந்தச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எடுக்கவும் சொல்லல, எடுக்காதேன்னும் சொல்லல சேகர். எனக்கு ஒண்ணுதான் தெரியும். வெளில கடல் சூடாகுதே, அதுல நம்ம பங்கு எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஊரே சேர்ந்து பண்ணினது. ஆனா இந்த ரூம்ல ஏறுற சூடு இருக்கு பாரு, அது முழுக்க நம்முது. இவங்கள நாமதான கூட்டிட்டு வந்தோம்?"

சொல்லிவிட்டு வழக்கம்போலச் சவுக்கு மரத்தடிக்குப் போய்விட்டார்.

நீலக் கயிறு என் கையில். அவள் கழுத்தின் வேர்வை இன்னும் அதில் ஈரமாக இருந்தது. எத்தனை வருஷம் ஏங்கியது. வந்தபோது அவள் வேண்டாமென்று வைத்த எச்சிலாக வந்தது.

விளக்கை ஏற்றினேன். இடுக்கியைக் காய்ச்சினேன். வாசலிலிருந்து உள்ளே இழுத்து வைத்த புதிய மதர்களின் தொட்டியில் கைவிட்டு ஒன்றை ஏந்தினேன். நல்ல வளர்த்தி. உடம்பில் புலிவரி. ஓடு கெட்டியாக இருந்தது. கால்கள் என் உள்ளங்கையில் நடந்தன, எங்கோ போகவேண்டியிருப்பது போல. காம்பின்மேல் இரண்டு கண்களும் கருமிளகு போல மின்னின. என் மணிக்கட்டு தண்ணீரில் இருந்தது. தெர்மாமீட்டரைப் பார்க்காமலே முதல்முறையாக எனக்குச் சூடு தெரிந்தது. முப்பத்திரண்டு. அவர்கள் இருவருக்கும் தெரிந்தது எனக்கும் தெரிந்தது. சொல்லத்தான் பக்கத்தில் யாருமில்லை.

அப்போது நினைத்தேன். அழுத்தினால் நான் இன்சார்ஜ். அவள் நல்லவள். சார் சாகும்வரை அவளை நினைத்துச் சிரிப்பார். என்னை நினைத்தால் சவுக்கு மரத்தடிக்குப் போய்விடுவார். இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. சாவியை விட்டுக்கொடுத்தேன். தலை சாய்த்துக் கேட்கும் அந்தக் காலைகளை விட்டுக்கொடுத்தேன். நல்லவள் என்ற பேரையும் மொத்தமாக அவளுக்கே விட்டுக்கொடுப்பதா?

இரக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசையை மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. பொறாமை முதலில் வந்து கையை நிறுத்தியது. நின்ற கைக்குள் ஒரு உயிர் நடந்துகொண்டிருந்தது அதன் பிறகுதான் உறைத்தது.

மதரைத் தண்ணீரில் விட்டேன். விளக்கை அணைத்தேன். வெளியே வந்து, ஸ்டெல்லா காதில் விழுகிற மாதிரி, "சார், புதுசா வந்தவங்கள திருப்பி அனுப்பிடலாம். இன்னும் நம்ம தண்ணில எறக்கல, நம்ம சீக்கு கடலுக்குப் போவாது" என்றேன்.

"அத நான் சொல்லலாம்னு இருந்தேன்!" என்றாள் அவள்.

"நான் சொல்லிட்டேன்."

சார் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். 'வந்தவங்க' என்று நான் சொன்னதை அவர் கவனித்தாரா தெரியாது. "பழையவங்க?" என்று கேட்டார்.

"அவங்க கண்ண நாம எடுத்துட்டோம் சார். அவங்க எங்க போவாங்க? இங்கதான்."

சார் ஆபீசுக்குப் போய் முதலாளிக்கு போன் போட்டு, "முடியாதுங்க" என்றார். மறுமுனை வெகுநேரம் பேசியது. அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "பிடிச்சதக் கொண்டு போய் வுடறதுக்கு டீசல் போடற கம்பெனிய இப்பத்தான் பாக்கறேன்!" கரையோரத் தண்ணீரில் விட்டால் வெந்துவிடும், பிடித்த ஆழத்துக்கே கொண்டுபோய்க் கூடையில் வைத்து மெல்ல இறக்க வேண்டும். ஸ்டெல்லா படகில் ஏறினாள். எனக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. கரையில் நின்று பார்த்தேன். விடுதலை செய்கிற வேலை அவளுக்கு, ஒற்றைக் கண்களோடு உட்காருகிற வேலை எனக்கு. அலை தாண்டும்போது அவள் கை அசைத்தாள். நான் அசைக்கவில்லை.

இரண்டு நாளும் ஐஸ் உடைத்தேன், பை முடிந்தேன், மாற்றினேன். சில செத்தன. மற்றவை நின்றன. சார் தொட்டி ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டை நீரில் வைத்து, என்னைப் பார்த்தார். நான் என் மணிக்கட்டை வைத்து, "இருவத்தொம்போதரை" என்றேன். தலையைச் சாய்த்தார். சிரிக்கவில்லை. தலையை மட்டும் சாய்த்தார்.

சில்லர் சரியான பிறகும் அந்த மதர்களை ஓட்டலுக்கு விற்க அவர் விடவில்லை. முட்டை விட்டாலும் விடாவிட்டாலும் கணவாய் போட்டோம், தானாகச் சாகிறவரை. அதற்குள் அவர் வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டார். ஓய வைத்தார்கள் என்பதே சரி. இன்சார்ஜாக நெல்லூரிலிருந்து ஒருவர் வந்தார். அவர் கையோடு கொண்டுவந்த ஆள் கண் எடுத்தான், எந்த வெயிலிலும். எனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அந்த வருஷக் கடைசியில் கடல் ஏறி வந்து பம்ப் ஷெட்டைத் தூக்கிக்கொண்டு போனது. கம்பெனியை மூடினார்கள்.

பிறகு வேறு பொரிப்பகங்களில் வேலை பார்த்து, போன வருஷம் முடித்துக்கொண்டேன். எங்கே போனாலும் சூட்டு நாளில் இடுக்கியைத் தொட்டதில்லை. அதற்காக யாராவது என்னை நல்லவன் என்றால், கோவளத்தில் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் சொல்லாதீர்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அந்தக் கம்பெனியை மூடிக் கணக்கு முடித்த அன்று நானும் அவளும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவளுக்கு வடக்கே போகிற பஸ், எனக்குத் தெற்கே. அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. முட்டுக்காடு பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அவள் பஸ் முதலில் தெரிந்தது.

"அண்ணாத்த, ஒண்ணு கேக்கவா? கோச்சிக்காத."

"கேளு."

"அன்னிக்கு அதுங்க கண்ண நீ எடுக்காம வுட்டது, என்ன ஜெயிக்கத்தான?"

மூக்கு சிவந்திருக்கும். மறைத்துப் பயனில்லை. "ஆமா" என்றேன்.

அவள் படியில் கால் வைத்துத் திரும்பிச் சிரித்தாள். "அதுங்களுக்கு அது தெரியவா போவுது? ரெண்டு கண்ணோட பூட்ச்சுங்க. நான் வரேன், அண்ணாத்த."